வெர்லன் டகிள் ஜெயிக்க வேண்டிய சனிக்கிழமை

"சனிக்கிழமை நீதான் ஜெயிக்கிறே" என்றார் டெல்மர் ஸ்ட்ரவுட், போனில்.

வெர்லன் டகிள் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"யாரு, நானா?"

"உன் பேர் வெர்லன் டகிள்தானே? அப்ப நீதான். யார்கிட்டயும் மூச்சு விடாதே. நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டு வா. லொரீனையும் கூட்டிட்டு வா. ஜெயிச்சதும் நம்பவே முடியாத மாதிரி மூஞ்சியை வச்சுக்கணும். ரெண்டு குதி குதி. புரிஞ்சுதா?"

புரியவில்லை என்று சொல்வதற்குள் டெல்மர் வைத்துவிட்டார்.

கென்டக்கி மாநிலத்தின் மேற்கு மூலையில் பதினேழு வருடங்களாக வெர்லன் குஸ்தி போட்டு வந்தார். எந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதை முதலாளி டெல்மர் முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார். வெர்லன் விஷயத்தில் அவர் அதிகம் யோசித்ததே கிடையாது. கறுப்பு முகமூடி போட்டு, 'கல்லறைப் பூதம்' என்று பெயர் வைத்து, வாராவாரம் யாராவது ஒரு அழகனிடம் அடி வாங்க அனுப்பிவைப்பார். இத்தனை வருடத்தில் வெர்லன் ஜெயித்தது இரண்டே தடவை. ஒருமுறை எதிராளிக்கு அம்மை போட்டிருந்தது. இன்னொரு முறை நடுவில் மின்சாரம் போய், மல்லாக்கக் கிடப்பவனுக்கு மூன்று எண்ணி ஆட்டத்தை முடிக்கும் நடுவர் இருட்டில் ஆள் மாறி எண்ணிவிட்டார்.

சமையலறையில் லொரீன் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை நான் ஜெயிக்கிறேனாம்."

கத்தி நின்றது. "எதுக்கு?"

"அதான் எனக்கும் தெரியல."

"போன வருஷம் க்ளீட்டஸை ஜெயிக்க வச்சாரே, அவன் இப்ப எங்கே இருக்கான்?"

"டயர் கடையில."

"நல்ல சட்டை போட்டுக்க, பெண்டாட்டியைக் கூட்டிட்டு வான்னா, அது என்ன விழாவுக்குக் கூப்பிடறது?"

வெர்லன் நாற்காலியில் உட்கார்ந்தார். "வழியனுப்பு விழாவுக்கு."

அவருக்கு வயது நாற்பத்திரண்டு. இடது முழங்கால், மழை வருவதை ரேடியோவுக்கு முன்பே சொல்லிவிடும். கீழே விழுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. டயர் கடையில் அதற்கெல்லாம் ஆள் எடுப்பதில்லை.

"அந்த ரஸ்டிப் பயலைக் கேட்டுப் பாரு. அவனோடதானே ஆட்டம்? நேரா கேட்காதே, சுத்தி வளைச்சுக் கேளு" என்றாள் லொரீன்.

ரஸ்டி கிம்ப்ரோவுக்கு இருபத்தாறு வயது. தோள் வரை பொன்னிறக் கூந்தல், இடுப்பில் சாம்பியன் பெல்ட். அவன் வரும்போது முன்வரிசைப் பெண்கள் கைக்குட்டையைத் தூக்கி எறிவார்கள். வெர்லன் வரும்போது எறிவதெல்லாம் வேறு சாமான்கள்.

"ரஸ்டி, சனிக்கிழமை யாருப்பா ஜெயிக்கிறது?" என்று போனில் கேட்டார் வெர்லன்.

"நான்தான். என்னிக்கும் நான்தானே? ஏன் கேட்கிறே?"

"சும்மாதான்."

"நீ சும்மா போன் பண்ற ஆளே கிடையாதே. டெல்மர் உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

வெர்லன் மூன்று விநாடி பேசாமல் இருந்தார். குஸ்தித் தொழிலில் ஒருவன் தோற்பதற்கு மூன்று விநாடி போதும்.

"ஓஹோ!" என்று கத்தினான் ரஸ்டி. "கதை அப்படிப் போகுதா? என்னைக் கழட்டி விடப் பார்க்கிறாரா? அதுவும் உன்கிட்ட தோத்து? நீ நிஜமாவே ஜெயிச்சுக் காட்டு, பார்க்கலாம். எந்தக் கையை முறிக்கணும்னு மட்டும் இப்பவே யோசிச்சு வை, பெருசு!"

மறுநாள் காலை வெர்லன் நேராக டெல்மரின் அலுவலகத்துக்குப் போனார். மாட்டுத் தீவனக் கடை மாடியில் ஒற்றை அறை.

"முதலாளி, எனக்கு ஜெயிக்கிறதெல்லாம் வேண்டாம். ரஸ்டிக்கே குடுத்துடுங்க."

டெல்மர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "ரஸ்டிக்கா? அவன் மூஞ்சியை ஊரே பார்த்திருக்கு. அவனுக்குக் குடுத்தா ஜனங்க ஹாலைக் கொளுத்திடுவாங்க. உன் மூஞ்சி எவனுக்குய்யா தெரியும்? அதுக்குத்தானே உன்னைப் பிடிச்சேன்!"

இது பாராட்டா திட்டா என்று வெர்லனுக்குப் பிடிபடவில்லை.

"ஆமா, ரஸ்டிகிட்ட இதைப் பத்திப் பேசினியா?"

"சேச்சே."

டெல்மர் அவரைச் சந்தேகமாகப் பார்த்தபடி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்லாக் கேட்டுக்க. உன் டிரக்கை முன்வாசல்ல நிறுத்து. ஜெயிச்சதும் நிக்கக் கூடாது, பேசக் கூடாது, கிளம்பிடணும். திங்கக்கிழமை காலையில இங்கே கொண்டாந்து திருப்பிக் குடுத்துடு."

"எதை, முதலாளி?"

போன் மணி அடித்தது. டெல்மர் அதை எடுத்துக்கொண்டு, போ போ என்று கையை ஆட்டினார்.

"வேற எதை? முகமூடியைத்தான்!" என்றாள் லொரீன், விஷயத்தைக் கேட்டதும். "திங்கக்கிழமை கணக்கு முடிஞ்சுது. முன்வாசல்ல வண்டி எதுக்கு? ஜனங்க உன்னை அடிக்க வருவாங்கன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு."

"அதுக்கு முன்னால ரஸ்டி அடிச்சுடுவான்."

லொரீன் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து ஒரு பீச் பழ கேக் செய்தாள். "நடுவர்கிட்ட கொண்டு போய்க் குடு. கை முறியறதுக்குள்ள மூணு எண்ணி முடிச்சிடச் சொல்லு. வேலை போனாலும் போகட்டும், கையாவது வீட்டுக்கு வரணும்."

நடுவர் பர்விஸ் மெலிந்த மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துபவர். அவர் கேக்கையும் வெர்லனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது லஞ்சமா?"

"கேக்."

"நீதான் ஜெயிக்கிறேன்னு டெல்மர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. என்னைச் சோதிச்சுப் பார்க்க அவர்தான் உன்னை அனுப்பினாரா?"

"சத்தியமா இல்லை."

"அனுப்பினவன் அப்படித்தான் சொல்வான்" என்ற பர்விஸ், வாசலில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே கேக்கை முழுக்கத் தின்று தீர்த்தார்.

சனிக்கிழமை மதியம் ஹால் நிரம்பி வழிந்தது. உடை மாற்றும் அறையில் கறுப்பு முகமூடியும், அதற்குக் கீழே கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையுமாக நின்ற வெர்லனை ரஸ்டி மேலும் கீழும் பார்த்தான்.

"சவப்பெட்டிக்குப் போடற சட்டையை இப்பவே போட்டுக்கிட்டியா? எனக்கு வேலை மிச்சம்."

அவன் விரல்களைச் சொடுக்கிய சத்தம் வெர்லனுக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் ஆட்டம் இடைவேளைக்குப் பிறகுதான். அதுவரை அவர் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே ஒலிபெருக்கியில் டெல்மர் எதையோ கத்தினார். திரும்பவும் கத்தினார். மூன்றாம் முறை கத்தியபோது ஜனங்கள் சிரித்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சொல்லும் விளங்கவில்லை. தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் வெர்லனுக்கு உறுதியாகத் தெரிந்தது. லொரீனாவது கேட்டுச் சொல்வாள் என்றால், அவள் முன்வாசலில் டிரக்கை உறுமவிட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மணி அடித்ததும் ரஸ்டி பாய்ந்து வந்து வெர்லனின் வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். நிஜமாகவே முறுக்கினான்.

"ஐயோ, கை!" என்று வெர்லன் அலறினார்.

"கிழவன் இன்னிக்கு என்னமா நடிக்கிறான்!" என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் வியந்தார்.

"விடுடா ரஸ்டி, நானே தோத்துடறேன்!"

"அப்படிச் சொல்லிட்டு உருட்டி விடுவே. உன்னை எனக்குத் தெரியாதா?"

அப்போது பூதத்தைக் குறிபார்த்து யாரோ எறிந்த கோக் டம்ளர் குறி தவறி ரஸ்டியின் காலடியில் விழுந்தது. ரஸ்டி வழுக்கினான். பிடித்த கையை விடாமல் வழுக்கியதால் வெர்லனும் கூடவே சாய்ந்தார். நூற்றுப் பத்து கிலோ கல்லறைப் பூதம், கஞ்சி போட்ட சட்டையோடு, சாம்பியனின் மார்பில் மல்லாக்க விழுந்தது.

எதற்கும் தயாராக இருந்த பர்விஸ் தரையில் பாய்ந்து, "ஒண்ணுரெண்டுமூணு!" என்று ஒரே மூச்சில் எண்ணி முடித்தார்.



வெர்லன் எழுந்து நின்றார். தோற்பவனுக்கு ஆட்டம் முடிந்ததும் தெரிவது கூரை விளக்குகள்தான். இன்று அவருக்கு ஜனங்களின் முகங்கள் தெரிந்தன. ஒவ்வொரு வாயும் திறந்திருந்தது. வேலை போனால் போகட்டும், இது நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு நொடி தோன்றியது.

பிறகு உத்தரவு நினைவுக்கு வந்தது. இரண்டு கன்னங்களிலும் கை வைத்து, "நானா? நிஜமா நானா?" என்று கூவி இரண்டு குதி குதித்தார்.

கதவோரம் நின்றிருந்த டெல்மர் தலையில் அடித்துக்கொண்டார். குதித்தது போதவில்லை போலிருக்கிறது என்று வெர்லன் இன்னும் இரண்டு குதித்தார். முழங்காலில் ஏதோ சொடுக்கென்றது.

சவுக்கு ஒன்று சொடுக்கினாற்போல ஹாலில் கூச்சல் கிளம்பியது. டம்ளர்கள் பறந்தன. வெர்லன் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, நொண்டிக்கொண்டே முன்வாசலைப் பார்த்து ஓடினார். டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்திருந்த இமோஜின், பாதி உடம்பை வெளியே நீட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இடைவேளையில எங்கே போய்த் தொலைஞ்சே, வெர்லன்? நீ ஜெயிக்கணும்னு டெல்மர் குலுக்கல் டப்பாவுல உன் பேரை ஒளிச்சு வச்சு மூணு தடவை கூப்பிட்டும் நீ வராம, வேற சீட்டை எடுக்க வேண்டியதாப் போய், பரிசா வச்சிருந்த கலர் டிவியை இப்ப நிஜமாவே ஒரு சோளக்காட்டுக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்யா!"