காதுக்காரருக்கு மட்டும் கேட்ட சத்தம்

"சத்தம் வருது," என்றார் காதுக்காரர், வாயிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டு.

மேனேஜர் மெஷினைப் பார்த்தார். அது தன் பாட்டுக்கு பிஸ்கட்டுகளை வரிசையாக விழுங்கி, பொட்டலம் பொட்டலமாக மறுபக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உங்களுக்கே கேட்டுட்டா அப்புறம் நான் எதுக்கு?"

கேட்பதற்குத்தான் அவர். அந்த பிஸ்கட் ஃபாக்டரியில் காதுக்காரர் என்றால் வாசல் செக்யூரிட்டிக்குக்கூடத் தெரியும். உள்ளே இருக்கிற இரைச்சலில் எல்லோரும் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு கை ஜாடையில் குடும்பம் நடத்துவார்கள். காதுக்காரர் மட்டும் ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை மெஷின் மேல் வைத்து, அதன் பிடியைப் பல்லால் கவ்விக்கொண்டு கண்ணை மூடுவார். சத்தம் இரும்பு வழியே ஏறி எலும்பு வழியே தலைக்குள் வந்துவிடும். அடுப்பு அறை ஃபேன் உயிரை விடப்போகிறது என்று அதற்கே தெரியாத காலத்தில் சொன்னவர். அவர் மெஷினுக்கு ஜுரம் என்றால் ஜுரம்தான், தெர்மாமீட்டர் தேவையில்லை என்று இருந்தது.

புது மேனேஜர்தான் தெர்மாமீட்டர் கொண்டுவந்தார். தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. மெஷின் மேல் ஒட்டிவிட்டால் அதுவே சத்தத்தைக் கேட்டு, சுகமாக இருந்தால் பச்சை, சுகமில்லை என்றால் சிவப்பு விளக்கு போடும். "இதுக்கு லீவே கிடையாது பாருங்க," என்று வேறு சொன்னார். காதுக்காரர் அப்போதுதான் சொந்தத்தில் ஏதோ விசேஷம் என்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். லீவு நன்றாக ஒத்துக்கொண்டது போலிருக்கிறது. கன்னமெல்லாம் நிரம்பி, சிரித்தால் முகமே பளிச்சென்று இருந்தது. ஆனால் அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. பெட்டி பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் சத்தம் வருகிறது என்றார்.

"சரி," என்றார் மேனேஜர். "உங்க காதா, பெட்டியான்னு பாத்துடலாம். சத்தம் எங்கேன்னு கண்டுபிடிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா திங்கக்கிழமையிலிருந்து பெட்டி மெஷினைப் பாத்துக்கும், நீங்க ஸ்டோர் ரூமைப் பாத்துக்குங்க."

ஸ்டோர் ரூம் என்றால் காலி அட்டைப்பெட்டிகளுக்குக் காவல். 

எலக்ட்ரீஷியன் நல்ல மனிதர். ஓடி வந்து மெஷினில் கை வைத்து, "ஆமா, எனக்கும் லேசா கேக்குற மாதிரிதான் இருக்கு," என்றார். அந்தப் பெரிய மனதால் எவ்வளவு கெடுதல் வரும் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

மெஷின் ஜப்பானில் செய்தது. அதைச் செய்த கம்பெனியில் இருந்த இன்ஜினியர் அம்மாவை வீடியோவில் பிடித்தார்கள். நரைத்த கிராப்பும் மூக்கில் இறங்கிய கண்ணாடியுமாக இருந்தார். நடுவில் பேசுவதற்கு ஆபீஸில் ஜப்பானிய மொழி படித்த பெண் ஒருத்தி இருந்தாள். இன்ஜினியர் அம்மா மெஷினின் வயதைக் கேட்கவில்லை, எத்தனை பொட்டலம் என்று கேட்கவில்லை. என்ன மாதிரி சத்தம் என்று மட்டும் கேட்டார்.

"கடகடன்னு வருது," என்றார் காதுக்காரர்.

ஆபீஸ் பெண் கொஞ்சம் யோசித்து ஒரு சொல்லைச் சொன்னாள். அந்த அம்மா தலையாட்டி, அடியில் இருக்கும் பெரிய உருளையைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். அதை எட்டுவதற்கு மேலே இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும். கழற்றினார்கள். உருளை புதுசு போல இருந்தது. மறுபடி மாட்டி ஓடவிட்டதும் காதுக்காரர் ஸ்க்ரூடிரைவரைக் கவ்வினார்.

"அப்படியேதான் இருக்கு."

 மேனேஜர் பச்சை விளக்கைப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஆபீஸ் பெண்ணுக்கு முகம் சின்னதாகிவிட்டது. காதுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பு தன் பேரில் என்றாள். கடகடவுக்கு ஜப்பான்காரர்களிடம் ஒரே ஒரு சொல் இல்லையாம், சொல்லாலேயே ஒரு தெரு இருக்கிறதாம். அவள் சொன்னது கொரோகொரோ.

"ஆனா அதுலயே ரெண்டு இருக்கு சார். அக்காவுல வர்ற 'க' போட்டுச் சொன்னா சின்ன கோலிக்குண்டு உருள்ற சத்தம். தங்கையில வர்ற 'க' போட்டுச் சொன்னா பெரிய பாறை உருள்ற சத்தம். நான் தங்கையைச் சொல்லிட்டேன்."

"அப்ப அக்கா ஒல்லி, தங்கச்சி குண்டா?"

"அப்படியே வெச்சுக்குங்க சார். அவங்க பாஷையில நெறைய சத்தத்துக்கு இப்படித்தான். அக்கா லேசு, தங்கச்சி கனம்."

 வாழ்நாள் முழுக்க காதுக்காரர் கேட்ட சத்தங்களெல்லாம் தலைக்குள் பேரில்லாமல் கிடந்தன. அவற்றுக்கெல்லாம் யாரோ உட்கார்ந்து எடை போட்டுப் பேர் வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. நம்மிடமும் கலகல உண்டு, சலசல உண்டு, நறநற உண்டு. ஆனால் தராசில் நிறுத்துக் கொடுக்கச் சொன்னால் நாம் கொஞ்சம் முழிப்போம்.

அன்று அவசரத்தில் காதுக்காரர் அந்தச் சொல் தெருவில் அவள் சொன்ன அடுத்த வீட்டைத் தட்டினார். கராகரா, தங்கை. இரும்பு ஷட்டரைத் தூக்குகிற சத்தம். அதைக் கேட்ட இன்ஜினியர் அம்மா சங்கிலி தொய்ந்திருக்கலாம், இழுத்துப் பார்த்து, தொய்ந்திருந்தால் மட்டும் இறுக்குங்கள் என்றார். நல்ல மனது படைத்த எலக்ட்ரீஷியன் இழுத்துப் பார்க்காமலே இறுக்கினார். ஆசையாக இறுக்கினார்.

மெஷின் அலறியது. பொட்டலங்கள் வாய் கிழிந்து வந்தன. பிஸ்கட் தரையெங்கும் கொட்டியது. பச்சை விளக்கு சிவப்பானது.

"இப்ப எனக்கும் கேக்குது," என்றார் மேனேஜர்.

ஆபீஸ் பெண் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை அவள் விளக்கம் எதுவும் சொல்லாமல் ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள்: கிஷிகிஷி, தங்கை. கனமான பொருள் தாங்க முடியாமல் முனகுவது. அந்தப் பக்கம் ஒரு நொடிகூட ஆகவில்லை. சங்கிலியை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள், அரைத் திருகு தளர்த்துங்கள் என்று பதில் வந்தது. தளர்த்தினார்கள். அலறல் நின்றது, விளக்கு பச்சையானது.

கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு, மெஷினைப் பார்க்காமல், ஒரு சொல்லைக் கேட்டே அரைத் திருகு என்று சொல்கிறார் என்றால் அவர் என்ன பிறவி. காதுக்காரருக்கு அந்த அம்மாவைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கூடவே நெஞ்சுக்குள் பயமும் வந்தது. எல்லோருக்கும் கேட்ட சத்தம் சரியாகிவிட்டது. அவருக்கு மட்டும் கேட்டது அப்படியே இருந்தது. வார விடுமுறை கழிந்தால் திங்கட்கிழமை.

அதனால் அந்தத் தெரு முழுவதையும் ஆபீஸ் பெண்ணிடம் வாய்ப்பாடம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் அவர் மனைவி சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்து பிஸ்கட் தூள் கொட்டியது. தினமும் காலையில் முதலில் வருகிற பிஸ்கட்டைக் கடித்துப் பார்ப்பது அவருடைய வழக்கம். கொஞ்ச நாளாக யாரும் பார்க்காதபோது பைக்குள் போட்டுவிடுகிறார் என்பது மனைவிக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் தட்டில் மசித்த உருளைக்கிழங்கை வைத்தார்.

சாப்பிட்டதும் காதுக்காரர் தரையில் உட்கார்ந்து பட்டாணியை உருட்டினார். பிறகு பூசணிக்காயை உருட்டினார்.

"பாத்தியா, மொதல்ல வந்தது அக்கா. இது தங்கச்சி."

"யாரோட அக்கா?"

விளக்கினார். காலி டப்பாவில் ரெண்டு கொட்டையைப் போட்டு ஆட்டி, இது கராகரா, அக்கா என்றார். வெளியே போய் வீட்டு வாசல் ஷட்டரை ஏற்றி இறக்கினார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சத்தமே இல்லாத விஷயத்துக்கும் அவர்களிடம் சத்தம் இருப்பதைச் சொன்னபோது மட்டும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கிராகிரா என்று அக்கா 'க'வில் சொன்னால் நட்சத்திரம் மினுங்குவது. தங்கை 'க'வில் சொன்னால் கண்ணைக் குத்துகிற வெயில். யாருமே பேசாமல், எதுவுமே அசையாமல் இருந்தால் அதற்கும் ஒரு சத்தம், ஷீ...ன்.

"அழகா இருக்குங்க," என்றார் மனைவி. கொஞ்சம் பொறுத்து, "அடுப்படிக் குழாய் ரெண்டு நாளா தங்கச்சியா சொட்டுது. வாஷர் மாத்துங்க," என்றார்.

காதுக்காரர் வாஷரை மாற்றினார். மனதுக்குள் தன் சத்தத்தை மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்தார். உருளவில்லை, ஆகவே கொரோ இல்லை. உரசவில்லை, ஆகவே கிஷி இல்லை. சின்னது, கெட்டியானது, லேசானது. இரண்டு கெட்டியான பொருள் தொட்டுத் தொட்டு விலகுகிறது. கடிகாரம் மாதிரி, ஆனால் நிதானம் கெட்ட கடிகாரம். அவருக்குச் சட்டென்று விடை கிடைத்தது. கச்சிகச்சி. சந்தேகமே இல்லாமல் அக்கா.

திங்கட்கிழமை காலையில் மெஷினுக்குப் பக்கத்துக் கண்ணாடி அறையில் எல்லோரும் கூடினார்கள். மேனேஜர் கையில் ஸ்டோர் ரூம் சாவி இருந்தது. ஆபீஸ் பெண் போனை மேசை மேல் சாய்த்து வைத்தாள். காதுக்காரரே நேரடியாக, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தச் சொல்லைச் சொன்னார்.

இன்ஜினியர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னார். பிறகு அந்த அம்மா ஆபீஸ் பெண்ணிடம் நீளமாக ஏதோ பேசினார்.

"உங்க உச்சரிப்பு ரொம்ப சுத்தமாம் சார். ஆனா அந்த மெஷின் எண்ணெயில ஊறின மெஷினாம். அதுக்குள்ள கச்சிகச்சின்னு சொல்லக்கூடிய பொருள் எதுவுமே கிடையாதாம்."

மேனேஜர் சாவியை மேசை மேல் வைத்தார்.  "நான் பொய் சொல்லலைம்மா," என்றார் காதுக்காரர்.  "எனக்குக் கேக்குது."

ஆபீஸ் பெண் அதை அப்படியே சொன்னாள். இன்ஜினியர் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் என்று நினைக்கிற பார்வை இல்லை அது. வேறு யாருக்காவது கேட்கிறதா என்று கேட்டார். எல்லோரும் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார்கள்.

அவர் தலையைச் சொறிந்தார். "உண்மையைச் சொன்னா எனக்குக் கேக்கலங்க. இவருக்குக் கேட்டா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்."

எப்போதிலிருந்து கேட்கிறது என்பது அடுத்த கேள்வி. லீவு முடிந்து வந்த அன்றிலிருந்து என்றார் காதுக்காரர். எப்படிக் கேட்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றார் அந்த அம்மா.

காதுக்காரர் வெளியே போனார். ஆபீஸ் பெண் போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தாள். அவர் ஸ்க்ரூடிரைவரை மெஷின் மேல் ஊன்றி, பிடியைப் பல்லால் கவ்வி, கண்ணை மூடினார். உடனே சந்தோஷமாகக் கையை உயர்த்தினார். இதோ, இப்போதுகூட வருகிறது.

திரும்பி வந்தபோது அறையில் ஒருவரும் பேசவில்லை. ஷீ...ன் என்று இருந்தது. போனில் அந்த அம்மா உட்கார்ந்த இடத்திலேயே இடுப்பை வளைத்து அவருக்கு ஒரு வணக்கம் வைத்தார். மெதுவாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு, நாலைந்து வாக்கியம் பேசினார்.

ஆபீஸ் பெண் காது மடல் வரை சிவந்தாள். மேனேஜரைப் பார்த்தாள், எலக்ட்ரீஷியனைப் பார்த்தாள், காதுக்காரருக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"சத்தம் வர்றது நிஜம்தானாம் சார். இந்த மாதிரி ஒரு காதை அவங்க பாத்ததே இல்லயாம். புதுப் பல் செட்டை மட்டும் கழட்டி வெச்சுட்டு, இன்னொரு தடவ கேட்டுப் பாக்கச் சொல்றாங்க."