விமானம் ஓடியதற்கு நான் பொறுப்பல்ல

வேடசந்தூர்,
சனிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை முகேஷ்குமார் அவர்களுக்கு,

மாமனார் முத்துச்சாமி எழுதுவது. நீங்கள் என் மகள் மணிமேகலையிடம், "உங்கப்பாவுக்கு விமானத்தக் கட்டத் தெரியல" என்று சொன்னது தவறு. விமானம் ஓட்டச் சொல்லித்தரும் ரோஷன் காதுபடச் சொன்னது அதைவிடத் தவறு. மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகமும் உங்கள் தாயார் சுகமும் அறிய ஆசை. நேரில் பேசினால் வாய் தடித்துவிடும், மாப்பிள்ளையிடம் அது கூடாது என்பதால் எழுதுகிறேன்.

பழைய மில் மைதானத்தில் பயிற்சிப் பள்ளி வைத்து, அந்தச் சின்ன விமானத்தை நீங்கள் கொண்டுவந்து நிறுத்திய நாள் முதல் சாயங்காலம் அதைக் கட்டுகிறவன் நான். நிற்கிற விமானம் பொரிமூட்டை மாதிரி. இறக்கைக்கு அடியில் காற்று புகுந்தால் ஆளே இல்லாமல் கிளம்பப் பார்க்கும். அதனால் மூக்கு காற்றைப் பார்த்திருக்க வேண்டும், இரண்டு இறக்கையையும் வாலையும் தரையிலுள்ள முளைகளோடு கயிறு போட்டுக் கட்ட வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். எனக்கு இதை யாரும் கற்றுத்தரவில்லை. செல்போனில் ஒரு வெள்ளைக்காரன் கட்டுவதைப் பார்த்தேன். அவன் முடிச்சு சரியில்லை என்று என் முடிச்சைப் போட்டேன். கோடைமழைக் காற்றில் மில் கூரைத் தகரமே பறந்தது. விமானம் அசைந்ததா?

ஆயுத பூசையன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. பூசைக்கு விமானம் கிழக்கே பார்த்து நிற்கட்டும் என்றார்கள் உங்கள் தாயார். "காத்து மேக்கேருந்து வருதும்மா, மூக்கு அங்கிட்டுத்தான் இருக்கணும்" என்றேன். "சாமிக்குப் பின்பக்கத்தக் காட்டச் சொல்றீகளா?" என்று கேட்டார்கள். அதற்கு மேல் சம்பந்தியம்மாவிடம் என்ன பேசுவது? அவிழ்த்துத் திருப்பினோம். ஸ்பானர், பம்பு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். கயிற்றையும் கட்டையையும் அங்கே வைக்கச் சொன்னது நான்தான் என்கிறீர்கள். ஆமாம், நான்தான். ஸ்பானருக்குப் பொட்டு வைக்கும்போது கயிறு என்ன பாவம் செய்தது? ஆனால் தீபாராதனை முடிந்து, மேற்கே கருத்துக்கொண்டு வருகிறதே என்று நான் கயிற்றை எடுக்கப் போனபோது, "பூசையில வச்சத விடிஞ்சாத்தான் தொடணும், செத்த பொறுங்க" என்று தடுத்தது யார்? உங்கள் தாயார். பக்கத்தில் சுண்டல் தின்றுகொண்டே தலையாட்டியது யார்? அதை எழுத மரியாதை இடம் கொடுக்கவில்லை.

ஆக, கயிறும் இல்ல, கட்டையும் இல்ல, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் மட்டும். காத்து வந்துச்சு, வால் பக்கமா வந்துச்சு. பழத்த நசுக்கிப்புட்டு, மாலையும் வாழைக்கன்னுமா, மறுவீட்டுக்குப் போற பொண்ணு மாதிரி அது பாட்டுக்கு உருளுது. ரோஷன் ஒரு இறக்கையப் பிடிச்சான், நான் ஒண்ணப் பிடிச்சேன், நீங்க பந்தல் காலப் பிடிச்சுக்கிட்டு "மாமா, விட்டுராதீக"ன்னீக. நான் விடல, அதுவும் விடல, என்னையும் இழுத்துக்கிட்டுப் போயி என் முருங்கைத் தோட்டத்துலதான் நின்னுச்சு. இறக்கை நுனி நசுங்குனது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, ஒடிஞ்ச முருங்கை தெரியல. மறுநாளே கட்டுறதுக்குப் புதுசா பட்டையும் கொக்கியும் வாங்கிட்டு வந்து, "இனிமே மாமா தொட வேணாம்"னுட்டீக. டீக்கடையில தங்கமுத்து கேக்குறான், "என்னப்பு, நீ கட்டுன ஏரோப்ளேன் அத்துக்கிட்டு ஓடிருச்சாமே?" கட்டவிட்டிருந்தாத்தானய்யா அத்துக்கிட்டு ஓட?

ஆகவே, விமானம் கட்டுகிற வேலை எனக்கே திரும்ப வர வேண்டும். அதற்கு முன் நீங்கள், ரோஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மணிமேகலையிடம் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ரோஷன் இனிமேல் பூசைக்கு ஒரு கயிறும் காற்றுக்கு ஒரு கயிறும் தனித்தனியாக வைக்க வேண்டும். உங்கள் தாயார், விமானம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அந்தப் பக்கமாகச் சாமி படத்தை மாற்றி வைக்க வேண்டும். தங்கமுத்துவுக்கு நடந்ததை நீங்களே டீக்கடைக்குப் போய் விளக்க வேண்டும். இவ்வளவும் நடக்கும்வரை, புயலடித்து உங்கள் விமானம் சிறுமலை உச்சியில் போய் உட்கார்ந்தாலும் நான் கயிற்றைத் தொட மாட்டேன்.

நீங்களும் மணிமேகலையும் நோய்நொடியில்லாமல், நல்ல புத்தியோடு நெடுநாள் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மாமனார் முத்துச்சாமி

பி.கு.: இதை மடிக்கும்போதே மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் குடும்பத்தோடு தாடிக்கொம்பு பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கிறீர்கள். புதுப் பட்டைகளையும் பழைய கயிறுகளையும் வைத்துப் பூட்டிய அறையின் சாவியும் உங்களோடு பெருமாளைப் பார்க்கப் போய்விட்டது. ரோஷன் என் வேலியோரம் வந்து நின்று "தாத்தா" என்றான், மைதானத்துப் பக்கம் கையைக் காட்டினான். போய்க் கட்டிவிட்டு வந்தேன். மூக்கு மேற்கே, இறக்கை இரண்டுக்கும் என் கிணற்றுக் கயிறு, வாலுக்கு எருமையை அவிழ்த்து அதன் கயிறு. அடித்த காற்றில் விமானம் இம்மி அசையவில்லை. எருமையைத்தான் காணோம். எங்கேயாவது கண்டால் பிடித்து வையுங்கள். கட்ட வேண்டாம், நான் வந்து கட்டிக்கொள்கிறேன்.