நாற்பது பாட்டில் ஊதா

"கண்ணுல பட்டதைக் காகிதத்துல எழுதுங்க" என்றாரா, "காகிதத்துல இருக்கிறதைக் கண்ணுல பாருங்க" என்றாரா? முப்பத்தைந்து வருடம் கோப்புகளோடு குடித்தனம் நடத்திய மாமனார் தன் ஓய்வு விழாவில் பேசியது, சாயப் பரிசோதகருக்குப் பாதிதான் நினைவிருந்தது.

அவர் வேலை சின்னது. ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் ஊதாச் சாயத்தைத் தெரிந்த கிருமி ஒன்றின் மேல் ஊற்றிப் பார்க்க வேண்டும். கழுவி, மேலே ரோஸ் சாயம் பூசிய பிறகும் கிருமி ஊதாவாக நின்றால் ஊதாச் சாயம் நல்லது. நோயாளியின் கிருமி ஊதாவா ரோஸா என்று பார்த்துத்தான் டாக்டர் மருந்து எழுதுவார்.

புதிதாக வந்த நாற்பது பாட்டிலிலும் கிருமி ரோஸாகவே வந்தது.

"நாற்பதுமா?" என்றார் இயக்குநர்.

"ஒண்ணு விடாம, சார்."

"அடடா! இதுக்குப் பேர்தான்யா சீரான தரம்!"

"சார், நிறமே தப்பு."

"ஃபாரத்துல என்ன கேட்டிருக்கு? ஒரே மாதிரி இருக்கான்னுதானே?"

மூவர் குழு கூடியது. சாயம் முறைப்படி டெண்டரில் தேர்வானது. எனவே அது தவறாது. எனவே தவறியது கிருமியே என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. பதினெட்டு வருடம் அப்பழுக்கில்லாமல் ஊதாவாகப் பணியாற்றிய கிருமி பதினைந்து நாளில் விளக்கமளிக்க வேண்டுமென்று கண்ணாடித் தட்டில் குறிப்பாணை ஒட்டப்பட்டது. பதில் வராததால் கிருமி பணிநீக்கம் செய்யப்பட்டது. அந்த இடத்தில், எந்தக் காலத்திலும் ரோஸாகவே நிற்கும் வேறொரு கிருமி நியமனம் பெற்றது. சாயம் நூற்றுக்கு நூறு வாங்கியது.

பரிசோதகர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். பதவி உயர்வுப் பட்டியல் அந்த வாரம்தான் தயாராகிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வாரம் மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, அப்பாவுக்கு மூச்சு விடவே முடியலை. சளி டெஸ்டுல ரோஸ்னு வந்துச்சாம். அதுக்கு மருந்து ஏத்தியும் ஜுரம் இறங்கலை. சாயம் சரியில்லையோன்னு டாக்டர் சந்தேகப்பட்டாராம். லேபுல உங்க கையெழுத்தைக் காட்டி அவர் வாயை அடைச்சிட்டாங்க. அந்த நிலைமையிலயும் அப்பாவுக்குப் பெருமை தாங்கலைங்க!"

பழைய சாயத்தில் ஒரு பாட்டில் இரும்பு அலமாரியில் மிச்சம் இருந்தது. ஓடினார். அலமாரி திறந்து கிடந்தது. இயக்குநர் அந்தப் பாட்டிலிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மாவுக்கு ரெண்டு நாளா ஒரே இருமல்" என்றவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னய்யா, உங்க வீட்டுலயுமா?"

பரிசோதகர் மீதியோடு பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேசையில் காத்திருந்த அடுத்த நாற்பது பாட்டிலுக்கான சான்றிதழில் கையெழுத்திட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.