கருஞ்சிறுத்தையின் முடியைக் கவனித்துக்கொண்டேன்

அல்லாஹ் எனக்குக் கொடுத்த ஒரே திறமை, தோலிலிருந்து முடியை நீக்குவது. அதை வைத்தே ஒரு நல்ல மனிதரின் பெயரைக் கெடுத்தேன்.

அப்போது ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் நான் மேஸ்திரி. (வயது இருபத்தெட்டு, கர்வம் அறுபதுக்கு.) ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வருகிறேன், வாசலில் ஜட்கா நிற்கிறது. இறங்கியவர் பட்டணத்தில் ஒரு மியூசியத்துக்குத் தலைவர். டாக்டர் என்பார்கள், வைத்தியம் பார்க்கிறவர் இல்லை, மிருகம், பூச்சி, கல் எல்லாம் படித்தவர். இரண்டு சமஸ்தானங்களில் மியூசியம் உண்டாக்கி நடத்திவிட்டு இங்கே வந்தவராம்.

வண்டியில் சாக்குக்குள் ஒரு தோல். ஜவ்வாது மலையில் செத்துக் கிடந்த கருஞ்சிறுத்தையுடையது.

“அந்த மலையில கருஞ்சிறுத்தையே கிடையாதுன்னு மேலிடத்துல சாதிக்கிறாங்க பாய். உண்டுன்னு நான் சொல்லிட்டேன். ரிட்டயர் ஆகறதுக்குள்ள இதைக் காட்டலேன்னா, பொய்யன்னு பேர் வாங்கிட்டுத்தான் போவேன்,” என்றார். வெயிலில் தோல் வாடையடிக்க ஆரம்பித்திருந்தது. “பட்டணம் போற வரைக்கும் தாங்காது. நீங்களே பதம் பண்ணிக் குடுங்க. முடியை மட்டும் நல்லா கவனிச்சுக்குங்க.”

“பேஜாராவாதீங்க ஐயா. முடியை நான் கவனிச்சுக்கறேன்.”

எங்கள் தொழிலில் முடியைக் கவனிப்பது என்றால் ஒரே அர்த்தம்தான். பிஸ்மில்லா சொல்லிச் சுண்ணாம்புத் தொட்டியில் இறக்கினேன். ஊறியதும் வழித்தோம். கூலியாள் ஏழுமலை மட்டும் தயங்கினான்.

“மேஸ்திரி, கறுப்பு அழகா கீதே, எடுத்துடணுமா?”

“நீ இன்னா டாக்டருக்குப் படிச்சவனா? வழிடா!”

பிறகு ஆவாரம்பட்டைத் தண்ணீர், கடுக்காய். தோல் பட்டுப்போல் வந்தது. ஒரு முடி இல்லை, சத்தியமாக ஒரு முடி இல்லை.

டாக்டர் வந்தார். பெருமையாக விரித்துக் காட்டினேன். புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

“முடி எங்க?”

“சுத்தமா எடுத்தாச்சு ஐயா!”

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது கருஞ்சிறுத்தையா, கன்றுக்குட்டியா என்று இனி என்னாலேயே சொல்ல முடியாது. அவர் திட்டியிருந்தால் தேவலை. தோலைத் தடவிப் பார்த்து மெல்லச் சொன்னார்:

“தோல் ரொம்ப நல்லா வந்திருக்கு பாய்.”

டாக்டர் ரிட்டயரானபோது நடந்த பிரிவு உபசாரத்தில் மேலதிகாரி அந்தக் கருஞ்சிறுத்தையை வைத்தே வேடிக்கை பேச, சபையே சிரித்ததாம். மியூசியத்துப் பியூன் வந்து சொன்னான். மறு வருஷம் டாக்டர் காலமானதையும் அவன்தான் சொன்னான்.

எங்கள் வீட்டில் எது பாழானாலும் டாக்டர் சொன்ன அந்த வாக்கியம்தான். பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும், பையன் பரீட்சையில் கோட்டை விட்டாலும். மகள் கல்யாணத்தில் பிரியாணி அடிப்பிடித்துவிட்டது. அண்டாவின் மூடியைத் திறந்ததும் என் மனைவி என்னைப் பார்த்து, “தோல் ரொம்ப நல்லா வந்திருக்குங்க,” என்றாள். பக்கத்தில் நின்ற சம்பந்தி தோல் வியாபாரி. ஆவலாகத் திரும்பினார்.

“எங்க கீது? வேற யாருக்கும் சொல்லாதீங்க, நானே எடுத்துக்கறேன்.”

பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குச் சோறுதான் இறங்கவில்லை. அடிப்பிடித்த வாடை என்று சொல்லி எழுந்துவிட்டேன்.