ஒரு வாளித் தண்ணீரும் பிளாக்ஸ்டோனும்

"வேப்பமரத்துல ஸ்பீக்கர் குழாயக் கட்டிக்கிட்டு இருந்தேன், ஏட்டையா. மேலருந்து என் கண்ணால பாத்தேன். இந்தம்மாதான் சுவர் மேல எக்கி, வாளித் தண்ணிய என் ஆம்பிளிபயர்ல கவுத்தினாங்க. வால்வெல்லாம் போச்சு!"

மூக்காண்டி மேசையைத் தட்டினான். சங்கரன்கோவில் காவல் நிலையத்தில் ஏட்டு ஞானதுரை கொட்டாவியை விழுங்கினார்.

எதிரே வக்கீல் செல்லச்சாமியும் அவன் மனைவி கோமதித்தாயும் நின்றார்கள். மூக்காண்டி அடுத்த வீட்டுக்காரன். மைக் செட் வாடகைக்கு விடுபவன். ஆடித்தபசுத் திருவிழா வருகிறதென்று ஒரு வாரமாக விடியும் முன்பே 'ஹலோ, ஹலோ' என்று சோதனை போட்டுக்கொண்டிருந்தான்.

கோமதித்தாய் திங்கட்கிழமை அரசுப் பள்ளியில் டீச்சராகச் சேர வேண்டும். போலீஸ் வழக்கு என்று ஒன்று பதிவானால் அந்த வேலை அவ்வளவுதான்.

"ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுரு," என்று கிசுகிசுத்தான் செல்லச்சாமி.

"மாட்டேன். காது கிழிஞ்சது நமக்கு. மன்னிப்பு அவருக்கா?"

வேறு வழியின்றி அவன் சட்டக் கல்லூரிப் பாடத்தைத் துணைக்கு அழைத்தான்.

"ஏட்டையா, பிளாக்ஸ்டோன்னு இங்கிலாந்துல ஒரு பெரிய சட்ட மேதை இருந்தாரு. இருநூறு வருசத்துக்கு முந்தியே சொல்லிட்டாரு. கல்யாணம் ஆயிட்டா புருசனும் பொண்டாட்டியும் சட்டத்துக்கு ஒரே ஆளு. புருசன் பக்கத்துல இருக்கும்போது அவ தப்பு செஞ்சா, அவன் சொல்லித்தான் அவ செஞ்சதா எடுத்துக்கிடணும். அவளுக்குன்னு தனிப் புத்தி கிடையாது."

கோமதித்தாய் மெல்லத் திரும்பினாள். "எனக்கா புத்தியில்ல?"

"நான் சொல்லலட்டி. பிளாக்ஸ்டோன் சொல்லுதாரு."

"அதுக்கு அவரு பொண்டாட்டி என்ன சொன்னாளாம்?"

அது பாடத்தில் இல்லை.

ஏட்டு பேனாவைத் திறந்தார். "அப்போ குற்றவாளி நீங்கன்னு எழுதிரட்டுமா, வக்கீலய்யா?"

செல்லச்சாமி அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தான். நாளைக்குக் கறுப்புக் கோட்டோடு கூண்டிலா ஏறுவது? "இல்லல்ல, நான் அந்நேரம் பக்கத்துல இல்ல. குளிச்சுக்கிட்டு இருந்தேன்."

"சரி. அப்போ அம்மா பேரையே எழுதுதேன்."

"ஐயோ, எழுதாதீங்க! நான் பக்கத்துலதான் இருந்தேன். ஊத்துன்னு சொன்னதே நான்தான்!"

"பொய்," என்றாள் கோமதித்தாய். "இவுக அந்நேரம் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தாக."

ஏட்டு இரண்டு வரியை அடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். மூக்காண்டிக்கோ குஷி தாங்கவில்லை.

"அந்த வெள்ளைக்காரரு சரியாத்தான் சொல்லியிருக்காரு, ஏட்டையா! பொண்டாட்டி செஞ்சா புருசன்தான் பொறுப்பு. எங்க வீட்டுலயும் அதான் சட்டம். நான் நினைக்கதத்தான் என் பொண்டாட்டி பிச்சம்மா நினைப்பா. வக்கீலு நடுத்தெருவுல நின்னு, என் மைக்குலயே மன்னிப்புக் கேக்கட்டும். புகாரத் திருப்பி வாங்கிக்கிடுதேன்."

செல்லச்சாமி மனைவியைப் பார்த்தான். வேலை உத்தரவு வந்த அன்று அவள் இட்லித் தட்டோடு தெரு வரை ஓடிவந்தது கண்ணில் நின்றது.

"கேக்கேன்," என்றான். "எத்தனை மைக்கு வேணும்னாலும் வையி. இவ வேலையில சேரணும்."

கோமதித்தாயின் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "நீங்க எதுக்குக் கேக்கணும்? வேண்டாம்..." என்று அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்து உதட்டைக் கடித்தாள்.

அப்போது, கணவனுக்குக் காலைப் பலகாரத்தோடு வந்து வெகுநேரமாக வாசலிலேயே நின்றிருந்த பிச்சம்மாள், தூக்குச்சட்டியை மேசை மேல் வைத்தாள்.

"அந்தச் சட்டப்படின்னா எங்க வீட்டுக்காரரு பேரை எழுதிக்கிடுங்க, ஏட்டையா. 'தலை வெடிக்கு மதினி, ஊத்துங்க'ன்னு வாளிய நிறைச்சுச் சுவர் மேல வச்சதே நான்தான்."