எட்டாம் நாள் இலையில் ஒரு கிரேக்கப் போத்தல்

செத்த வீட்டில் மானம் போனவர்கள் சங்கம் என்று ஒன்று ஸ்காபரோவில் தொடங்கினால் அதற்கு நான்தான் தலைவி. போட்டியே இருக்காது. சொந்த மாமனாரின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று, நாற்பது பேர் கூடியிருந்த வீட்டில், அவருடைய படையல் இலைக்குப் பக்கத்தில் கிரேக்க வைன் போத்தலை வைத்தவள் நான். வைத்ததற்கு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை. (மானம் போனது வேறு, மன்னிப்பு வேறு.)

முதலில் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில், மாமியோடு எங்கள் வீட்டில்தான் இருந்தார். கோயில் நிர்வாக சபையில் நீண்ட காலம் இருந்தவர். எந்தப் பிறந்தநாள் விழாவிலும் ஆண்களெல்லாம் கராஜுக்குள் ஒதுங்கி விஸ்கியைத் திறக்கும்போது, மாமா மட்டும் வரவேற்பறையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஆரஞ்சு ஜூஸ் குடிப்பார். கராஜ் பக்கம் போகிறவர்களை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து கிளாஸை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தவர்களில் என் கணவர் சுதனும் ஒருவர்.

அப்படிப்பட்ட மாமாவுக்குக் கண்ணில் வருத்தம் வந்தது. மாதம் ஒரு தடவை கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். டான்ஃபோர்த் தெருவில் கிளினிக். புதன்கிழமை எனக்கு வேலை இல்லை என்பதால் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் ஊசி முடிந்து, ஒரு கண்ணை மூடிக் கட்டியபடி, பசியோடு வெளியே வந்தோம். அந்தத் தெருவில் பாதிக் கடைகள் கிரேக்கருடையவை. பக்கத்தில் இருந்த சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். மாமாவின் கண் கட்டைப் பார்த்து இரக்கப்பட்ட கடைக்காரர், நாங்கள் கேட்காமலேயே ஒரு சின்னக் கிளாஸில் வைனைக் கொண்டுவந்து வைத்தார்.

மாமா கிளாஸைத் தூக்கினார், திருப்பிக் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். மூக்கடியில் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பிள்ளை, உது குங்கிலிய மணமெல்லே," என்றார்.

கடைக்காரர் விளக்கம் சொன்னார். அதற்குப் பெயர் ரெட்சினா. பைன் மரத்துப் பிசினைச் சேர்த்து வைன் செய்வது அவர்களுடைய நாட்டில் பழங்கால வழக்கமாம். மாமா யோசித்தார். முந்திரிகைப் பழமும் (எங்களூரில் முந்திரிகை என்றால் திராட்சை) கோயிலுக்குள் போகிற சாமான், மரப்பிசினும் கோயிலுக்குள் போகிற சாமான், இரண்டும் சேர்ந்தால் மட்டும் எப்படிப் பாவமாகும் என்று என்னிடம் சட்டம் பேசினார். பேசிக்கொண்டே கிளாஸை முடித்தும் விட்டார்.

அதன் பிறகு மூன்று வருடம், மாதம் ஒரு புதன். மாமாவுக்கு ஒரு கிளாஸ், கார் ஓடுகிற எனக்கு அரைக் கிளாஸ், பிறகு கோப்பி, பிறகு அந்தத் தெருவில் மேலும் கீழும் ஒரு மணி நேர நடை. எனக்குக் கிறுக்குப் பிடித்து மாலை வகுப்பொன்றில் சேர்ந்து வைன் படித்தேன். கிளாஸைச் சுழற்றக் கற்றேன். சாதாரணமாக விழுங்கத் தெரியாதவள் ஆனேன். சந்தொரினித் தீவின் வெள்ளை வைனைக் குடித்துவிட்டு, எரிமலை மண், கனிமச் சுவை என்று நான் பிரசங்கம் செய்வேன். மாமா ஒரு மிடறு எடுத்து, "கடற்கரையில நிண்டு தேசிக்காய் நக்கின மாதிரிக் கிடக்கு," என்பார் (தேசிக்காய் என்றால் எலுமிச்சம்பழம்). வகுப்பு முழுவதிலும் அதைவிடச் சரியான வர்ணனையை நான் கேட்கவில்லை. சினோமாவ்ரோ என்கிற சிவப்பு வைன் நாக்கைப் பிடித்து உலுக்கும். அதைக் கோபக்காரன், ஆனால் நேர்மையானவன் என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "ஆரும் கேட்டால் பொய் சொல்லாதை. கேக்காட்டில் சொல்லாதை."

யாரும் கேட்கவில்லை. முதல் மாதமே மாமி மோப்பம் பிடித்தது உண்மைதான். ஆனால் கண்ணுக்கு ஏதோ விசேசமான மருந்து விடுகிறார்கள் போல, வீடு முழுக்க மணக்கிறது என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். அது கேள்வி இல்லை என்பதால் நாங்கள் பதில் சொல்லவில்லை.

பிறகு ஒரு பெப்ரவரி மாதம், தூக்கத்திலேயே மாமா போய்விட்டார்.

எட்டாம் நாள், செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். குடிக்கிறவருக்குச் சாராயம், புகைக்கிறவருக்குச் சுருட்டு, எல்லாம் இலைக்கு வரும். மாமி பட்டியல் சொன்னார்: நண்டுக்கறி, ஒடியல் கூழ், குழல் பிட்டு, இரட்டைப் பால் இரட்டைச் சீனி போட்ட கடைக் கோப்பி. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. மாமாவைப் பசியோடு அனுப்பியதாகிவிடும் என்று தோன்றியது.

சரி, ஒரு போத்தல் வைப்பதென்று முடிவெடுத்தேன். மரியாதையான மருமகளென்றால் கையில் கிடைத்ததை வாங்கியிருப்பாள். நான் மூன்று நாள் யோசித்தேன். செத்தவருக்குப் படைக்கிற நண்டுக்கறிக்கு எந்த வைன் பொருந்தும் என்று குழம்பிய ஒரே மருமகள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். கடைசியில் ரெட்சினா வென்றது.

படைத்த பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். அப்போதுதான் அவர் வந்து சாப்பிடுவார். எங்கள் வீட்டிலோ வரவேற்பறைக்கும் குசினிக்கும் இடையில் ஒரு கதவும் கிடையாது. ஆகவே நாற்பது பேரையும் கராஜுக்குள் தள்ளினோம். கற்பூரத்துக்குப் புகை அலாரம் அலறாமல் இருக்க அதன் மேல் குளியல் தொப்பி ஒன்றை மாட்டியிருந்தார் சுதன். எல்லோரும் போனதும் நான் போத்தலை எடுத்தேன். மாமாவின் மூக்குப்பேணியில், அந்த மூக்கு வைத்த செம்பில், அளவாக வார்த்தேன். வகுப்பில் சொல்லித் தந்தபடி, போத்தலின் பெயர் விருந்தாளியைப் பார்க்கும்படி, அதாவது மாமாவின் படத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன்.

பத்து நிமிடம் கராஜில் நடுங்கினோம். மாமா வாழ்நாளில் கால் வைக்க மறுத்த இடத்தில் நின்று அவருக்காகக் காத்திருந்தோம். உள்ளே திரும்பி வந்ததும் முதலில் போத்தலைக் கண்டவர் மாமாவின் தம்பி, சின்னமாமா. கோயிலின் இப்போதைய தலைவரும் அவர்தான். போத்தலைத் தூக்கி, எட்டப் பிடித்து வாசிக்கப் பார்த்தார். எழுத்து கிரேக்கம்.

"ஆர் உதை இதில வைச்சது?"

மூன்று வருடத்தில் முதன்முறையாக ஒருவர் கேட்டுவிட்டார். இனிப் பொய் சொல்ல முடியாது.

"நான் தான் வைச்சனான். மாமாவுக்கு உது நல்ல விருப்பம்."

"அண்ணை ஒரு சொட்டுத் தொடாத மனிசன்."

"தொட்டவர். மூண்டு வருசமா மாதம் ஒருக்காத் தொட்டவர். நான் தான் வாங்கிக் குடுத்தனான்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அது நானா? நண்டுக்கறியின் உறைப்புக்கு இந்தப் பிசின் எப்படி ஈடு கொடுக்கும் என்று தொடங்கி, பழைய காலத்தில் மண் சாடிகளின் வாயைப் பிசினால் அடைத்தது வரை, துக்கம் விசாரிக்க வந்த நாற்பது பேருக்கும் வகுப்பு எடுத்தேன். செத்த மனிசனைக் குடிகாரன் ஆக்கிப்போட்டாள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சுதன் குளியல் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது, ஆனாலும் விடவில்லை. மாமா ஒளித்துக் குடித்ததற்குக் காரணம் நீங்களெல்லாம் பார்க்கிற இந்தப் பார்வைதான் என்றும் சொல்லிவிட்டேன். (அந்தப் பார்வையைக் கண்டுபிடித்தவரே மாமாதான் என்பது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.)

சின்னமாமா போத்தலை வெளியே கொண்டுபோகத் திரும்பினார். அப்போதுதான் மாமி கையை நீட்டினார். வாங்கி மூக்கடியில் பிடித்தார். கண்ணை மூடினார்.

"உது அவரின்ரை கண் மருந்தெல்லே," என்றார்.

மாமி என்னைப் பார்த்தார்.

"ஓம் மாமி. அது தான்."

மாமி மூக்குப்பேணியை இன்னும் கொஞ்சம் நிரப்பினார். போத்தலை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"ஊசிக்குக் கேக்காத கண் உதுக்குத் தான் கேட்டிருக்கு. அது அதிலயே இருக்கட்டும், தம்பி."

தலைவர் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். எல்லோரும் போன பிறகு குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். போத்தலில் மிச்சம் பாதி இருந்தது. நான் வென்றுவிட்ட நினைப்பில் இருந்தேன். மாமி பக்கத்தில் வந்து நின்றார்.

"மூண்டு வருசம். என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவம் எண்டு உங்க ரெண்டு பேருக்கும் தோணேல்லை, என்ன?"

நாற்பது பேருக்கு முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்த ஒரு கேள்விக்கு அழுதேன். மன்னிப்புக் கேட்டதும் அதற்கு மட்டும்தான்.

இப்போது புதன்கிழமைகளில் மாமியும் நானும் போகிறோம். அதே கடை, அதே மேசை. ரெட்சினாவை மாமிக்குப் பிடிக்காது, வீடு துடைத்த தண்ணீர் என்பார். சாமோஸ் தீவின் இனிப்பு வைன்தான் அவருக்கு வேண்டும். சொந்தக்காரர் வீடுகளில் யாராவது போத்தல் திறந்தால், "வாங்கோ, கண்ணுக்கு மருந்து விடுவம்," என்றுதான் இப்போதெல்லாம் கூப்பிடுகிறார்கள். மாமாவின் திவசத்துக்கு வருகிற சின்னமாமாகூட இலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "மருந்து வைச்சாச்சோ?" என்று மெல்லக் கேட்பார்.

போன மாதம் மாமி உண்மையாகவே கண் பரிசோதனைக்குப் போனார். ஒரு குறையும் இல்லை, கண்ணாடியே தேவையில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஊரெல்லாம் போன் எடுத்து அறிவித்தார்:

"எல்லாம் என்ரை மருமகளின்ரை வைத்தியம்."