ஹார்ட் டிஸ்க் மோட்சம் அடைந்த வரலாறு

கம்ப்யூட்டருக்கு மோட்சம் உண்டா என்ற கேள்விக்கு உலகிலேயே முதன்முதலாக விடை கண்டது சித்தூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் மண்டல வருவாய் ஆபீசுதான். அமெரிக்காக்காரன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

ஹைதராபாத்திலிருந்து லாரியில் கம்ப்யூட்டர் பெட்டி வந்திறங்கியதும் நிலப் பதிவேடுகளை எல்லாம் அதில் ஏற்றினோம். பழைய நோட்டுகளைக் கரையானிடம் ஒப்படைத்தோம். 'நவீனம்' என்றால் திரும்பிப் பார்க்கக் கூடாது.

ஆயுத பூஜையன்று, "ஆஃப் பண்ணிடலாமா சார்?" என்று அதிகாரி ரங்கையாவிடம் கேட்டேன்.

"தூங்கற சாமிக்கு எவனாவது பூஜ பண்ணுவானாய்யா?"

ஓடிக்கொண்டிருந்த பெட்டிக்கு மஞ்சள் நீர் தெளித்து, பொட்டு வைத்து, அதன் தலையிலேயே ஓங்கித் தேங்காய் உடைத்தார். ஆபத்துக்கு உதவுமென்று பீரோவில் பூட்டியிருந்த நகல் டிஸ்கும் பக்கத்திலேயே அமர்த்தப்பட்டிருந்தது. அண்ணன் தம்பியைப் பிரிப்பது பாவமாம். தேங்காய்த் தண்ணீர் இருவருக்கும் சமமாக இறங்கியது. அண்ணன் 'டிக், டிக்' என்று சொல்லிவிட்டுப் போனான். தம்பி அதுகூடச் சொல்லவில்லை.

பூஜை முடிந்த இரண்டாம் நாள் செங்கம்மா வந்தாள். தலைமுறைகளாகக் கூலிக்குப் போன குடும்பம்; அரசு கொடுத்த ஒன்றரை ஏக்கர்தான் முதல் சொத்து. அந்தப் பக்கம் கம்பெனி வரப்போவதால் நிலத்துக்கு விலை ஏறியிருந்தது. கம்ப்யூட்டரில் யார் பெயரோ, அவருக்கே நிலம்.

"எம்பேரு அதுல கீதான்னு பாரு சார்."

"டிஸ்க்கே போயிடுச்சும்மா," என்றார் ரங்கையா. "தெய்வ சித்தம். புதுசா எழுதறப்ப பாக்கலாம்."

"சாமி எங்க நெலத்த இன்னாத்துக்கு சார் எடுத்துக்கினு போவுது? அதுக்குத்தான் ஏழு மல கீதே."

ரங்கையா கருணையுடன், பிரசாதத் தேங்காயில் ஒரு மூடியை நிவாரணமாக வழங்கினார்.

சித்தூர் மேலிடத்து உத்தரவுப்படி திருப்பதியிலிருந்து யாமினி என்ற நிபுணர் வந்து டிஸ்கை எடுத்துப் போனார். அடுத்த வாரம் அவர் திரும்பியபோது செங்கம்மாவும் வாசலில் நின்றாள்.

"அடி விழுந்ததுல உள்ள ஊசி தட்டுல ஒரசிடுச்சு சார். தண்ணி, சூடு, திடீர்னு கரண்ட் போறது, இதெல்லாமே டிஸ்க்குக்கு எமன். ஆனாலும் முக்காவாசி கெடச்சிடுச்சு. யாரோ அழிச்சதுகூட வந்திருக்கு."

ரங்கையா மகிழ்ச்சியைக் காட்டிக்கொள்ளவில்லை. பெரியவர்கள் அப்படித்தான்.

"செங்கம்மான்ற பேர பூஜைக்கு மூணு நாள் முன்னாடியே அழிச்சிருக்காங்க. அந்த எடத்துல கங்கையான்னு ஒருத்தர் பேர் ஏறியிருக்கு."

கங்கையா, எங்கள் அதிகாரியின் மச்சான். தட்டிய விரல்கள் என்னுடையவை. நிர்வாகத்தில் விரல்களுக்குத் தனிக் கருத்து கிடையாது.

ரங்கையா கம்பீரமாக நிமிர்ந்தார். "செத்தத எழுப்பத்தாம்மா உன்னக் கூப்ட்டது. எப்படிச் செத்துச்சுன்னு கேட்டமா?"

வாசலிலிருந்து செங்கம்மா பணிவாகச் சொன்னாள்: "சார், இன்னொரு தேங்கா வாங்கியாரட்டா? இந்தத் தபா பொட்டி மேல வோணாம்."

அந்தப் பக்தியில் மெய்சிலிர்த்த ரங்கையா தன் தலையைத் தடவிக்கொண்டார். நான் என் தலையை.